கடலூர் மாவட்டம்: நிலம், கோயில், வாக்கு, நாற்காலி

கடலூர் மாவட்டத்தைப் பற்றிய பொதுக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே பட்டியலைத் தருகின்றன: சிதம்பரம் நடராசர் கோயில், பிச்சாவரம் அலையாத்திக் காடு, நெய்வேலி நிலக்கரி, பண்ருட்டிப் பலா, வடலூர் சத்திய ஞான சபை, அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இவை யாவும் உண்மையே. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் வாழும் 26,05,914 பேரில் 29.3 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரியோ 20 விழுக்காடுதான். மாவட்டத்தின் பத்தில் மூவரை அந்தப் பட்டியலில் எங்கு தேடினாலும் காண முடிவதில்லை.

அந்த மூவரை மையமாக வைத்து இம்மாவட்டத்தின் நிலவியலையும் வரலாற்றையும் குடிமை வாழ்வையும் அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். களப்பணியாளர்களும் மாணவர்களும் கையில் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு குறிப்பேடாக இது அமைய வேண்டும் என விரும்புகிறோம். நாம் இங்கே நிறுவ முயல்வது ஒன்றுதான்: இம்மாவட்டத்தில் உரிமைகள் சட்டத்தில் எழுதப்பட்ட நாளுக்கும் அவை சேரிக்கு வந்து சேர்ந்த நாளுக்கும் இடையே பெரும் தொலைவு இருந்துள்ளது. அத்தொலைவைக் கூட்டியதும் குறைத்ததும் அவற்றை நிறைவேற்ற வேண்டிய கை யாருடையது என்னும் கேள்வியே.

நிலமும் நீரும்

வடக்கே தென்பெண்ணை, தெற்கே கொள்ளிடம். இடையே கெடிலம், பரவனாறு, வெள்ளாறு. கிழக்கே வங்கக் கடல். மேற்கிலிருந்து வரும் வெள்ளத்தின் பெரும்பகுதி இம்மாவட்டத்தின் வழியாகவே கடலை அடைகிறது. கடலூர் நகரம் தென்பெண்ணை, கெடிலம் ஆகியவற்றின் முகத்துவாரங்களில் அமைந்துள்ளது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. மேற்கிலுள்ள திட்டக்குடி, வேப்பூர், விருத்தாசலம் பகுதிகள் மானாவாரி நிலம். கிழக்கிலும் தெற்கிலும் உள்ள சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி பகுதிகள் காவிரிப் பாசனத்தின் கடைமடை.

கடைமடையின் இதயம் வீராணம் ஏரி. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட இந்த ஏரிக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியே நீர் வருகிறது. 2004 முதல் இதே நீர் குழாய் வழியாகச் சென்னையின் குடிநீராகவும் செல்கிறது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது காட்டுமன்னார்கோயில், குமராட்சி ஒன்றியங்களின் தாழ்வான ஊர்கள் மூழ்குகின்றன. பெருநகரத்தின் தாகம் தீர்க்கும் ஏரியின் காலடியிலேயே ஆண்டுதோறும் பாயும் பாத்திரமுமாக இடம்பெயரும் குடும்பங்கள் இருக்கின்றன.

மாவட்டத்தின் நிலவியலைச் சாதியை விட்டுவிட்டுப் படிக்க முடியாது. கடைமடைப் பகுதியின் பல கிராமங்களில் மேட்டில் ஊரும் பள்ளத்தில் சேரியும் அமைந்திருப்பதைக் காணலாம். ஆகவே இங்கு வெள்ளம் எல்லோர் வீட்டுக்குள்ளும் ஒரே நாளில், ஒரே அளவில் நுழைவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் பெருவெள்ளம் ஆகிய மூன்றும் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. ஒவ்வொரு முறையும் நிவாரணக் கணக்கெடுப்பில் பட்டா உள்ளவர், படகு உள்ளவர், ஓட்டு வீடு உள்ளவர் ஆகியோரின் இழப்பே முதலில் பதிவாகிறது. கூலியை இழந்தவரின் இழப்புக்கு ஆவணம் இல்லை. பிச்சாவரத்தைச் சுற்றிய உப்பங்கழிகளில் இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களின் நிலையும் இதுவே.

நெய்வேலியின் கதையையும் இங்கேயே சேர்த்துப் படிக்க வேண்டும். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. நிலம் கையகப்படுத்தப்படும்போது இழப்பீடு பட்டாதாரருக்குச் செல்கிறது. அந்நிலத்தில் தலைமுறைகளாக உழைத்த நிலமற்றவர் வேலையை மட்டும் இழக்கிறார். அவர் பெயர் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் வருவதில்லை. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்த பயிர் மீது இயந்திரங்கள் இறக்கப்பட்டபோது நாடெங்கும் நில உரிமையாளர்களின் குரல் கேட்டது. நடவும் களையும் அறுப்பும் செய்த கைகளின் இழப்பை அதே அழுத்தத்தில் பேசியோர் சிலரே.

கோட்டையும் குண்டுக் கிராமமும்

1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்களும் விலையில் அடக்கம். அவ்வூர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. ஊர்களும் அவற்றின் மக்களும் ஒரு பீரங்கியின் வீச்சால் கைமாறிய இடம் இது. 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் இக்கோட்டையே. 1758இல் பிரெஞ்சுப் படை இதைக் கைப்பற்றி இடித்தது. 1781 சூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலப் படையும் மோதின. 1801இல் கர்நாடக நவாபின் நிலப்பரப்பு கம்பெனியிடம் வந்தபோது தென்னார்க்காடு மாவட்டம் உருவாயிற்று.

கொடிகள் மாறிய இந்நூற்றாண்டில் வயலில் உழைத்தவர் நிலை மாறவில்லை. தமிழ் மாவட்டங்களில் நிலத்தோடு சேர்த்து ஆட்களும் அடகு வைக்கப்பட்டதும் விற்கப்பட்டதும் கம்பெனி ஆவணங்களிலேயே உள்ளன. 1819இல் சென்னை வருவாய் வாரியம் இது குறித்து ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டுப் பெற்றது. அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்னும் சட்டம் வந்தது 1843இல். சட்டம் வந்த பின்னும் கடன் என்னும் கயிற்றால் படியாள் முறை தொடர்ந்தது. எழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலான தொலைவை நாம் முதலில் அளப்பது இங்கேதான்.

1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கையின் விளைவு அது. பஞ்சமி நிலம் என்று நாம் அறியும் அந்நிலங்களைப் பிற சாதியினருக்கு விற்கக் கூடாது என்னும் நிபந்தனை ஆவணத்தில் இருந்தும், நிலம் கைவிட்டுப் போனது. அதை மீட்கும் போராட்டம் இன்றும் தமிழ்நாடெங்கும் நடைபெறுகிறது.

பெயரும் எல்லையும்

1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதிக்கு இராமசாமிப் படையாட்சியார் பெயரும், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதிக்கு வள்ளலார் பெயரும் சூட்டப்பட்டன. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்து, 1867இல் வடலூரில் தருமச்சாலையும் 1872இல் ஞான சபையும் நிறுவிய வள்ளலார், சாதி வேறுபாட்டை வெளிப்படையாக மறுத்தவர். அவர் பெயரைத் தாங்கிய மாவட்டம் நான்கு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

காரணம் தெற்கே இருந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. தேவேந்திரகுல வேளாளர் ஒருவரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மறுத்து ஆதிக்கச் சாதியினர் கலவரத்தில் இறங்கினர். அதைத் தொடர்ந்து அனைத்து மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. ஒரு தலித்தின் பெயர் பேருந்தின் நெற்றியில் எழுதப்பட்டதைப் பொறுக்காத சமூகத்துக்காக எல்லாப் பெயர்களும் அழிக்கப்பட்டன. 'கடலூர் மாவட்டம்' என்னும் இன்றைய நடுநிலைப் பெயருக்குப் பின்னே இந்த வரலாறு இருக்கிறது.

இன்று மாவட்டத்தில் பத்து வட்டங்களும் பதினான்கு ஊராட்சி ஒன்றியங்களும் உள்ளன. 1866இல் நகராட்சியான கடலூர், 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. சட்டமன்றத் தொகுதிகள் ஒன்பது. அவற்றுள் திட்டக்குடியும் காட்டுமன்னார்கோயிலும் பட்டியல் சாதியினருக்கானவை.

கோயில் வாசல்

கொள்ளிடக்கரை ஆதனூரில் பிறந்த நந்தனார் சிதம்பரத்துக்கு வர ஏங்கியதும், தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுக்குள் சென்று மறைந்ததும் பெரியபுராணம் சொல்லும் கதை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதைக் கீர்த்தனையாக்கினார். அங்கே நந்தனார் ஒரு பண்ணையாரின் அடிமையாகவும் வருகிறார். அடிமை வேலையிலிருந்து விடுப்புக் கேட்டுத் தவிப்பவராக நந்தனாரை அறிந்த தலைமுறைகள் இக்கீர்த்தனை வழியாகவே அறிந்தன. 1948இல் வெளியான, தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றிய தம் நூலை அண்ணல் அம்பேத்கர் மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்: நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளர்.

இக்கதையைத் தலித் மக்கள் பக்திக் கதையாக மட்டும் கேட்கவில்லை. உள்ளே செல்ல ஒருவர் எரிய வேண்டியிருந்தது என்னும் செய்தியை அதிலிருந்து எடுத்துக்கொண்டனர். நந்தனார் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாசலைத் திறக்க வேண்டும் என்னும் கோரிக்கை அதனால்தான் இன்றும் எழுகிறது.

சட்ட வரலாறு சிக்கலானது. மாணவர்கள் வரிசையாக அறிந்திருக்க வேண்டும். 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவு அங்கீகாரச் சட்டம் வந்தது. 1951இல் சென்னை உயர் நீதிமன்றம் சிதம்பரம் பொது தீட்சிதர்களைத் தனிச் சமயப் பிரிவினராக ஏற்றது. 2009இல் அதே நீதிமன்றம் கோயிலுக்குச் செயல் அலுவலரை நியமித்ததைச் செல்லும் என்றது. 2014 சனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நிர்வாகத்தைத் தீட்சிதர்களிடமே அளித்தது. தவறான நிர்வாகத்தைச் சரிசெய்ய அரசு தலையிடலாம். ஆனால் குறை தீர்ந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பைக் கொண்டு 'தனிச் சமயப் பிரிவினரின் கோயிலில் யாரை அனுமதிப்பது என்பது அவர்கள் விருப்பம்' எனச் சிலர் வாதிடுவது தவறு. நிர்வாக உரிமை வேறு, நுழைவு உரிமை வேறு. 1957இல் வேங்கடரமண தேவரு வழக்கில், சமயப் பிரிவினரின் பொதுக் கோயிலும் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட வேண்டியதே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது 1947ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தைப் பற்றிய வழக்கே. 2022 பிப்ரவரியில் கனகசபையில் ஏறி வழிபட முயன்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தடுக்கப்பட்டதாக எழுந்த புகாரில் 20 தீட்சிதர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. அவ்வாண்டு மே 17 அன்று, கனகசபையில் பக்தர்கள் ஏறி வழிபடலாம் என அரசாணை வெளியானது. சட்டம் வந்து 75 ஆண்டுகளுக்குப் பிறகும் சில படிகளுக்குத் தனியாக ஓர் அரசாணை வேண்டியிருந்தது.

ஓமக்குளத்துப் பள்ளி

கோயிலுக்கு வெளியே, ஓமக்குளத்தில் வேறொரு கதவு திறந்தது. ஆரணிக்கு அருகே 1890இல் பிறந்து, திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியில் பயின்று, மதம் மாற மறுத்து வெளியேறிய முனுசாமி, பின்னர் சுவாமி சகஜானந்தர் ஆனார். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். பள்ளியும் விடுதியும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் எழுந்தன. சட்டமன்ற அவைகளில் நீண்டகாலம் உறுப்பினராக இருந்து, 1959 மே 1 அன்று மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளி இன்று அரசு நந்தனார் பள்ளியாக இயங்குகிறது.

காலத்தைக் கவனியுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 1929இல். அதற்கு முன்னோடியான மீனாட்சி கல்லூரி 1920இல். நந்தனார் பள்ளி இவ்விரண்டுக்கும் முந்தியது. சிதம்பரத்தைக் கல்வி நகரம் என்று சொல்லும்போது இந்த வரிசையையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை. 1965 சனவரி 27 அன்று மொழிப்போரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 2013இல் தனிச் சட்டத்தின் வழியாகப் பல்கலைக்கழகம் அரசின் பொறுப்பில் வந்தது. அதன்பின் இடஒதுக்கீடு, கட்டணம், விடுதி ஆகியவை குறித்து அரசிடமே நேரடியாகக் கேள்வி கேட்கும் நிலை மாணவர்களுக்கு உண்டாயிற்று.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஓர் அறிக்கை

1924இல் காட்டுமன்னார்கோயிலில் பிறந்த எல். இளையபெருமாள், 1952இலும் 1957இலும் இப்பகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1955இல் தீண்டாமை குற்றங்கள் சட்டம் வந்தும் தீண்டாமை தொடர்ந்ததால், 1965இல் ஒன்றிய அரசு அவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நாடு முழுவதும் சென்று, கிணறு, தேநீர்க் கடை, முடிதிருத்தகம், கோயில், பள்ளி எனத் தீண்டாமையின் அன்றாட வடிவங்களை அக்குழு பதிவு செய்து 1969இல் அறிக்கை அளித்தது.

விளைவுகள் இரண்டை இங்கே குறிப்பிடுவோம். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1970இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தின் நோக்க உரையே இக்குழுவின் அறிக்கையைச் சுட்டுகிறது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரம்பரை உரிமை ஒழிக்கப்பட்டதை ஏற்று, ஆகமத் தகுதியைத் தக்கவைத்தது. இரண்டாவதாக, 1976இல் தீண்டாமை குற்றங்கள் சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகக் கடுமையாக்கப்பட்டதற்கும் இந்த அறிக்கை வழியமைத்தது. அக்குழு கண்டறிந்த முதன்மையான உண்மை எளியது: சட்டத்தைச் செயல்படுத்த வேண்டியவர்கள் சட்டம் மீறுவோரின் ஊரையும் உறவையும் சார்ந்தவர்களாக இருக்கும்போது சட்டம் காகிதத்தில் நின்றுவிடும்.

வாக்கு

1965ஆம் ஆண்டு மற்றொரு நாட்டிலும் இதே கேள்வி எழுந்த ஆண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் மக்கள்தொகையில் நம் மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது: 2010இல் ஏறத்தாழ 29.7 லட்சம். அதில் கறுப்பின மக்கள் 37 விழுக்காடு. அடிமை முறை ஒழிந்து, 1870இல் நிற வேறுபாடற்ற வாக்குரிமை அரசமைப்பில் எழுதப்பட்டும், 1965 வரை மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற கறுப்பினத்தவர் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி, அடி, கொலை ஆகியவை காவல் நின்றன. 1965 ஆகஸ்டில் வந்த வாக்குரிமைச் சட்டம் ஒன்றைச் செய்தது: உள்ளூர் அலுவலரின் கையிலிருந்து பதிவேட்டை எடுத்து, ஒன்றிய அரசின் அலுவலரிடம் கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த விழுக்காடு ஏறத்தாழ 60 ஆயிற்று. மக்கள் அவர்களேதாம், உரிமையும் அதுவேதான், நிறைவேற்றும் கை மாறியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முன்னனுமதி ஏற்பாட்டை முடக்கியபோது மீண்டும் தடைகள் முளைத்தன என்பதும் பாடமே.

இங்கே நமக்கு வாக்குரிமை 1950இலேயே எல்லோருக்கும் சேர்ந்தே வந்தது. ஆனால் வாக்குச் சாவடி ஊரின் நடுவில் இருந்தது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் ஒரு வாரச் சாலை மறியலின்போது, இடஒதுக்கீடு கேட்டு அரசை எதிர்த்த அப்போராட்டத்தின் நடுவே தென்னார்க்காட்டில் தலித் குடிசைகள் எரிந்தன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட வன்னியர்களும் உழைக்கும் ஏழைகளே என்பதையும், எரிந்த குடிசைகளுக்கும் அவர்களின் கோரிக்கைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். 1999 மக்களவைத் தேர்தலில் சிதம்பரம் தனித் தொகுதியில் தொல். திருமாவளவன் முதன்முறையாகப் போட்டியிட்டபோது, தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. வாக்களிக்க இயலாது போனவர்கள் பலர். 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளில், இத்தொகுதிக்குட்பட்ட அரியலூர் மாவட்டப் பொன்பரப்பியில் தலித் வீடுகள் சூறையாடப்பட்டன. அத்தேர்தலில் திருமாவளவன் வென்ற வாக்கு வித்தியாசம் 3,219. 2024இல் அதே தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேல்.

தனித் தொகுதி என்பது வேட்பாளரின் சாதியை மட்டுமே உறுதிசெய்கிறது. வெற்றியைத் தீர்மானிப்பது தொகுதியின் மொத்த வாக்காளர்கள். 1932 பூனா ஒப்பந்தத்தின் இந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் சிதம்பரத்தின் தேர்தல் வரலாற்றைப் படிக்க இயலாது.

நாற்காலி

73ஆவது அரசமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சித் தலைவர் பதவிகளில் சுழற்சி முறை இடஒதுக்கீட்டைக் கொண்டுவந்தன. கடலூர் போன்ற மாவட்டத்தில் இதன் பொருள் பெரியது: ஊரின் கணக்கும் கொடியும் நாற்காலியும் தலித் கைக்கு வரும் நாள் சட்டப்படி உறுதி.

2020 அக்டோபரில் புவனகிரிக்கு அருகிலுள்ள தெற்குத்திட்டையிலிருந்து ஒரு நிழற்படம் வெளியானது. ஊராட்சி மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, தலித் பெண் தலைவர் தரையில் அமர்த்தப்பட்டிருந்தார். தேசியக் கொடி ஏற்றவும் தம்மை விடவில்லை என அவர் தெரிவித்தார். ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமை வழக்குப் பதிவானது. 2022 ஆகஸ்டில், பட்டியல் சாதியைச் சேர்ந்த தலைவர்கள் சுதந்திர நாளில் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். அப்படியொரு கடிதம் தேவைப்பட்டதே நிலைமையின் சான்று.

நிழற்படத்தில் தெரியாத தடைகளும் உண்டு. ஊராட்சிக் கணக்கின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். துணைத்தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு இல்லை. ஆதிக்கச் சாதித் துணைத்தலைவர் கையொப்பமிட மறுத்தால் குடிநீர்க் குழாய் பழுது பார்ப்பதும் தெருவிளக்கு மாற்றுவதும் நின்றுபோகும். பழி தலைவர் மீது விழும். மேலும், தேர்தலே நடக்காவிட்டால் நாற்காலியே இல்லை. 2016 முதல் 2019 டிசம்பர் வரை ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் இருந்தன. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். இடைவெளி ஒவ்வொன்றிலும் முதலில் காணாமல் போவது சுழற்சியால் வந்த தலித் தலைமை.

நீதிமன்றம்

1993 மார்ச்சில், தென்னார்க்காடு இன்னும் பிரியாத நாளில், முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் தப்பிவிட்டதாகக் காவல்துறை கூறியது. அவருடைய மனைவி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த ஆட்கொணர்வு மனுவில் வழக்கறிஞர் கே. சந்துரு முன்னின்று வாதாடினார். அது காவல் நிலையக் கொலை என்பது வெளிப்பட்டது. 'ஜெய்பீம்' திரைப்படத்தின் மூலம் இதுவே.

2003 சூலையில் விருத்தாசலத்துக்கு அருகே புதுக்கூரைப்பேட்டையில், பதிவுத் திருமணம் செய்துகொண்ட தலித் இளைஞரும் வன்னியர் பெண்ணும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். உள்ளூர்க் காவல்துறை கொல்லப்பட்ட இளைஞரின் தந்தையையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை வழங்கியது. வழக்கைத் திரித்த காவல் அலுவலர்களும் அவர்களுள் அடக்கம். 2022இல் உயர் நீதிமன்றம் ஒருவரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. கொலைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 22 ஆண்டுகள்.

இரண்டு வழக்குகளிலும் பொதுவானது ஒன்று. உண்மை வெளிவந்தது, விசாரணை உள்ளூர்க் கையிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட பிறகே. மிசிசிப்பியில் பதிவேட்டுக்கு நடந்ததே இங்கு வழக்குக் கட்டுக்கு நடந்தது.

நாம் கேட்க வேண்டியவை

எல்லா வழக்கும் உயர் நீதிமன்றத்தையோ தில்லியையோ எட்ட முடியாது. ஆகவே மாவட்டத்துக்குள்ளேயே சட்டம் அமைத்துள்ள கண்காணிப்பு ஏற்பாடுகளை இயங்க வைப்பதே அன்றாடப் பணி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995 விதிகளும் சொல்பவை தெளிவானவை. துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ளவர் விசாரித்து 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். பணியில் வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியரும் தண்டனைக்குரியவர். பிணை விசாரணை உட்பட ஒவ்வொரு நிலையிலும் பாதிக்கப்பட்டவர்க்குத் தகவல் பெறவும் பேசவும் உரிமை உண்டு. ஊராட்சித் தலைவரின் பணியைத் தடுப்பதும், பொது வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பதும் தனிக் குற்றங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது கூட வேண்டும்.

எனவே மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு பணியை முன்வைக்கிறோம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் நான்கு கேள்விகளை உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கண்காணிப்புக் குழு கடந்த மூன்று ஆண்டுகளில் கூடிய நாள்கள் எவை? அதன் அலுவல் சாரா உறுப்பினர்கள் யார்? பதிவான வழக்குகளில் 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலானவை எத்தனை? விதிப்படியான நிவாரணம் எத்தனை பேருக்கு, பதிவான எத்தனையாவது நாளில் வழங்கப்பட்டது?

விடை வந்தால் அது ஆவணம். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கான முகாந்திரம். 1916இல் ஓமக்குளத்தில் எழுத்தறிவு தொடங்கியது இத்தகைய கடிதங்களை எழுதுவதற்கும்தான்.